ராத்திரி ஆட்டம்

"பகல்ல வையேன்ப்பா. அந்த மனுஷனுக்குப் பகல்லயே கண்ணு சரியாத் தெரியல. அவரோட ராத்திரிச் சண்டை போடறியே, உனக்கே நல்லா இருக்கா?"

துவைத்த துணிகளை மடித்தபடி அண்ணி கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கூடத்தில் ஒரு கம்ப்யூட்டர் முன்னால் தம்பி, உள் அறையில் இன்னொன்றின் முன்னால் அண்ணன். இருவர் காதிலும் ஹெட்போன். போர் விளையாட்டு, ஆளுக்கு நாலு டாங்கி. பகல் சண்டையா, ராத்திரிச் சண்டையா என்று ஆரம்பத்திலேயே கேட்கும். தம்பி எப்போதும் ராத்திரியைத்தான் அமுக்குவான்.

அண்ணன் பாதி ஆயுசை லாரி ஸ்டியரிங்கில் கழித்தவர். பார்வை மங்கி வண்டியை விட்டதிலிருந்து அறையே கதி. சத்தத்தை வைத்தே இன்ஜின் கோளாறைச் சொல்ல ஆள் வேண்டும் என்று லாரி ஷெட் முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். பரிதாபப்பட்டுக் கொடுக்கிற வேலை வேண்டாம் என்று அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணி கெஞ்சிப் பார்த்தாள், சண்டையும் போட்டுப் பார்த்தாள். மசியவில்லை. இந்த லட்சணத்தில் கொழுந்தன் வேறு இருட்டில் வைத்து அடிக்கிறான் என்றால் வயிறு எரியாதா?

தம்பி ராத்திரியையே அமுக்கினான்.

தோற்கப்போகிற கணவருக்கு ஆறுதல் சொல்லலாம் என்று அண்ணி உள் அறைக்குப் போனாள். அவர் திரையைப் பார்க்கவே இல்லை. தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நாலு இன்ஜினையும் அணைச்சுட்டு நிக்கறேன். அவன் அவசரக்காரன், உருட்டிக்கிட்டே வருவான். இடது காதுல ஒண்ணு கேக்குது. சின்ன வண்டி, நோட்டம் பார்க்க வருது. அதைச் சுட்டா, சுடற வெளிச்சமே நான் நிக்கற இடத்தைக் காட்டிக் குடுத்துடும். போகட்டும். பெருசு பின்னால வரும்."

வந்தது. சுட்டார். சுட்ட கையோடு இடத்தை மாற்றிக்கொண்டார். தம்பியின் டாங்கிகள் காலி இடத்தைப் பார்த்துச் சுட்டன. அந்த வெளிச்சம் மட்டும் அண்ணனின் மங்கிய கண்ணுக்கும் தெரிந்தது. ஒவ்வொன்றாகத் தீர்த்துக் கட்டினார்.

ஹெட்போனைக் கழற்றியபோது அவர் முகத்தில் பழைய களை. ரொம்ப நாளாகக் காணாமல் போயிருந்த களை.

"ஷெட்டுக்கு போன் போட்டு நாளைக்கு வரேன்னு சொல்லு. பொம்மை இன்ஜினே எனக்குப் பிடிபடுது, நிஜ இன்ஜின் தப்பிச்சுடுமா?"

அண்ணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடுத்த நொடியே சந்தேகம் வந்தது. கூடத்துக்கு ஓடினாள்.

"வேணும்னே தோத்தியா? அவருக்குத் தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவார்" என்றாள் தாழ்ந்த குரலில்.

"இல்ல அண்ணி. உயிரைக் குடுத்துத்தான் ஆடறேன். விட்டுக் குடுத்தா அண்ணன் கண்டுபிடிச்சுட மாட்டாரா?"

அப்போதுதான் கவனித்தாள். அவன் திரை முழுக்க ஒரே கறுப்பு. கெட்டுப்போய்விட்டதா என்று கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு. திரையோட வெளிச்சத்தைக் கூட்டினா இருட்டுலயும் வண்டியெல்லாம் தெரியும். அதான் ஆரம்பிக்கும்போதே அடியோட குறைச்சுடுவேன். சுடற வெளிச்சம் மட்டும் தெரியும். அண்ணனுக்கு எவ்வளவு தெரியுதோ, எனக்கும் அவ்வளவுதான்."

அண்ணி அந்தக் கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

உள்ளிருந்து அண்ணன் குரல் கொடுத்தார்.

"என்னடா, பயந்துட்டியா? பாவம், அடுத்தது வேணா பகல்ல வெச்சுக்கோ."

தம்பி வாயைத் திறப்பதற்குள் அண்ணி முந்திக்கொண்டாள்.

"ராத்திரியே வைப்பா."