மறுசங்கு

மாலைச் சங்கு ஊதியதும் ஊர் வீட்டுக்குள் அடங்கியது. தலைவர் ஃபாலனிகோ ஜெபத்தை முடித்து, மறுசங்கு ஊதும்வரை தெருவில் யாரும் நடக்கக் கூடாது. அவர் போட்ட சட்டம்தான்.

தலைவர் கண்ணை மூடவில்லை. தெருவைப் பார்த்தபடியே ஒரு வரி ஜெபித்து, உடனே மறுசங்கு ஊதச் சொன்னார்.

"என்ன தலைவரே, உக்கார்றதுக்குள்ள ஆமென்னா?" தலைநகர் ஆப்பியாவிலிருந்து புதிதாக வந்திருந்த போதகர் சிரித்தார். "ஆண்டவர்கிட்ட கேக்க ஒண்ணுமே இல்லையா?"

"ஒருநாள் அரைமணி நேரம் கேட்டேன், ஐயா. என் மக லூப்பேக்கு மூச்சுத் திணறல். நர்ஸ் சீக்கிரம் வந்துடணும்னு அழுதழுது ஜெபிச்சேன்."

"வரலையா?"

"அப்பவே வந்துட்டாங்க. என் ஜெபம் முடியட்டும்னு நம்ம காவல் பசங்க ஊர் எல்லையிலயே நிறுத்தி வெச்சிருந்தாங்க."