கடைசிப் படகு ஐந்தரைக்கு

“தீவிலிருந்து கடைசிப் படகு மாலை ஐந்தரைக்கு. அவசரப்படவே வேண்டாம். நான் போன மாதம்கூட அதில்தான் திரும்பினேன். இடது பக்கம் உட்காருங்கள், வெயில் படாது.”

நூலகத்தின் மூலையில் இருக்கும் கணினியில் இதைத் தட்டி அனுப்பிவிட்டு, கணக்குப் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டேன். படகு என்ன, நான் கடலையே பார்த்ததில்லை. அப்பா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். லீவு விட்டால் வேனும் வீட்டு வாசலில் நிற்கும், நாங்களும் நிற்போம்.

ஆனால் நான் பதில் எழுதும் பயண இணையதளத்தில் என் பெயர் ‘ஊர்சுற்றி’. யார் எந்த ஊரைப் பற்றிக் கேட்டாலும் பதில் சொல்வேன். இதுவரை இருநூற்றுப் பதினேழு பதில்கள். பெயருக்குப் பக்கத்தில் தங்க நட்சத்திரம்கூட மின்னும்.

எல்லாமே ஒரு தடித்த வழிகாட்டிப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. நூலகத்தின் பின்பக்க அலமாரியில், முதுகில் சிவப்புப் பொட்டு ஒட்டிய புத்தகங்கள் தனியாக இருக்கும். அவற்றை வீட்டுக்குத் தர மாட்டார்கள். அவ்வளவு உசத்தியான புத்தகங்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். முதல் நாலைந்து பக்கங்கள் கிழிந்திருந்தன. அது எனக்கு ஒரு குறையாகவே படவில்லை.

தீவைப் பற்றிக் கேட்டவரின் பெயர் ‘ஜன்னலோரம்’. “என் தங்கைக்கு நடக்க முடியாது. சக்கர நாற்காலியில் கூட்டிப்போகிறேன். அவள் வீட்டைவிட்டு வெளியே வந்தே ஆறு வருடமாகிறது. எதுவும் தப்பாகிவிடக் கூடாது. அதனால்தான் போய்வந்த ஒருவரிடம் கேட்கிறேன்” என்று எழுதியிருந்தார்.

அதைப் படித்துவிட்டுத்தான், போன மாதம் போனேன் என்று எழுதினேன். இதைச் சொல்லும்போதே முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது, போனில் அவரிடமிருந்து செய்தி வந்தது.

“நேற்று ஐந்து மணிக்குப் படகுத் துறைக்கு வந்துவிட்டோம். கடைசிப் படகு மூன்று மணிக்கே போய்விட்டதாம். ஐந்தரைப் படகை நிறுத்திப் பல வருடமாகிறதாம். இரவு முழுக்கத் துறையிலேயே இருந்தோம். நல்ல மழை. தங்கைக்குக் காய்ச்சல் இன்னும் இறங்கவில்லை. உங்கள் மேல் கோபமில்லை. எத்தனையோ ஊருக்குப் போகிறவர், ஏதோ மாற்றி நினைத்திருப்பீர்கள். பதிலைத் திருத்திவிடுங்கள், இன்னொருவர் மாட்டிக்கொள்ளக் கூடாது.”

நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

“என்னடி, தட்டுல சிமெண்டா கலக்குற? எடுத்து வாயில வை” என்றாள் அம்மா.

“வயிறு சரியில்லம்மா.”

“அந்தப் போனைப் புடுங்கி வச்சா எல்லாம் தானா சரியாயிடும்.”

அம்மாவிடம் சொல்ல முடியாது. அப்பாவிடம் சொன்னால் அவர் எதுவும் பேசாமல் என்னைப் பார்ப்பார், அது இன்னும் மோசம். எனக்கு மிச்சம் இருந்தது நூலகர் அக்கா ஒருத்தர்தான். ஆறாவது படிக்கும்போதிருந்தே தெரியும். அவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிடுவது, அந்தத் தங்கச்சிக்கு என்ன செய்யலாம் என்று கேட்பது என முடிவு செய்தேன்.

செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டதும் ஓடினேன். அக்கா மேசைக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து, பழைய புத்தகங்களைச் சணல் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். மூக்கு சிவந்து, குரல் கட்டியிருந்தது.

“வாடி வாலு. கிட்ட வராத, சளி ஒட்டிக்கும்.”

கட்டின் மேலே என் வழிகாட்டிப் புத்தகம் இருந்தது.

“இதை ஏங்க்கா கட்டுறீங்க?”

“பழைய பேப்பர் கடைக்கு. சிவப்புப் பொட்டு இருக்கே, பாக்கல? காலாவதியானதுக்கெல்லாம் அதை ஒட்டி ஒதுக்கி வச்சிருவேன். இது நீ பொறக்கறதுக்கு முன்னாடி வந்த புத்தகம். இதுல இருக்கற பாதி ஓட்டலு இப்ப இருக்கவே இருக்காது.”

உசத்தி என்று நினைத்து இருநூற்றுப் பதினேழு பேருக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

“அக்கா… நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்.”

“காபியக் கொட்டிட்டியா? விடு, போற புத்தகம்தானே.”

“அது இல்லக்கா. இதுல இருக்கறத நம்பி யாராவது ஊருக்குப் போயிருந்தா…”

அக்கா சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே இருமலாக மாறியது. கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

“இதப் போயி எவ நம்புவா? போன வாரம் என் தங்கச்சியத் தீவுக்குக் கூட்டிட்டுப் போனேன். இந்தப் புத்தகம் கைக்கெட்டற தூரத்துலதான் இருந்துச்சு. தொட்டுக்கூடப் பாக்கல.”

கயிற்றை இழுத்து இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டு, என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“போயிட்டு வந்த ஆளா பாத்து, நெட்டுல கேட்டுட்டுத்தான்டி போனேன்.”