காற்றுத் தடுப்பு

அக்கா வீட்டுக்குள் படுத்த படுக்கையாகக் கிடக்க, அத்தான் படகுக் கொட்டகையில் பலகை அறுத்துக்கொண்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டதுமே தம்பிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்று நாளாக இதே வேலையாம். வேகப் படகுக்குக் காற்றுத் தடுப்பு செய்கிறாராம். படகுத்துறையே சிரிக்கிறதாம். பெண்டாட்டி சாகக் கிடக்கிறாள், இவர் படகுக்கு முக்காடு போடுகிறார் என்று டீசல் ஊற்றுகிறவன்கூடக் கிண்டல் செய்தானாம்.

தம்பிக்கு பஸ், லாரிகளுக்கு முன்கண்ணாடி மாட்டுகிற தொழில். அத்தானை நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்றுதான் போனான். போன இடத்தில் இருந்ததைப் பார்த்ததும் அந்த நாலு வார்த்தையும் மறந்துபோயிற்று.

காற்றுத் தடுப்பு என்றால் ஓட்டுகிறவருக்கு முன்னால், பின்பக்கமாகச் சாய்ந்து, கண்ணாடி போன்ற ஷீட்டில் இருக்க வேண்டும். காற்று அதில் ஏறித் தலைக்கு மேலே போய்விடும். அத்தான் செய்திருந்ததோ கறுப்புப் பெயின்ட் அடித்த பிளைவுட். ஓட்டுகிறவருக்கு ஒன்றும் இல்லை. பக்கத்து சீட்டுக்குத்தான், இரண்டு பக்கமும் இரண்டு பலகை. முன்னால் அகன்று பின்னால் குறுகி, புனல் மாதிரி.

"அத்தான், இது காத்தைத் தடுக்காது. ஊர்ல இருக்கிற காத்தையெல்லாம் கூட்டிட்டு வந்து மூஞ்சியில கொட்டும்."

"ம்."

"வேக மீட்டர் ஒயரை வேற பிடுங்கி வச்சிருக்கீங்க."

"ம்."

அத்தான் நிமிரவே இல்லை. விரல்கள் மூன்றில் பிளாஸ்டர்.

தம்பி பொறுத்துப் பார்த்தான். தொழில்காரன் கை சும்மா இருக்குமா? ஸ்க்ரூடிரைவரை எடுத்து முதல் ஸ்க்ரூவைக் கழற்ற ஆரம்பித்தான். கழற்றிக்கொண்டே, மறந்துபோன நாலு வார்த்தையையும் நினைவுபடுத்திக் கேட்டுவிட்டான். உள்ளே ஒரு உயிர் ஊசலாடுகிறது, உங்களுக்கு சவாரி கேட்கிறதா என்று.

அத்தான் அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"கழட்டாதீங்க மாப்பிள்ளை. அது உங்க அக்காவுக்கு."

பிறகு படகைப் பார்த்தபடியே சொன்னார்.

ஏரிக்கு அக்கரையில் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு மருந்தும் நர்ஸுகளும் ஏற்றிக்கொண்டு பத்தொன்பது வருஷம் இந்தப் படகை ஓட்டியவள் அக்கா. இப்போது நோய் முதுகெலும்புக்குப் போய்விட்டது. எலும்பு பிஸ்கட் மாதிரி இருக்கிறது, ஒரு குலுக்கல் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளோ பத்து நாளாக ஒரே பிடிவாதம். ஒரே ஒரு தடவை, முழு வேகத்தில் என்னைக் கூட்டிப் போங்கள், வேறு எதுவும் வேண்டாம் என்று.

"வேகமாப் போனா உடம்பு தாங்காது. போகலைன்னா மனசு தாங்காது. அதான், காத்தை மட்டும்..." அத்தான் பலகையின் விளிம்பைத் தடவியபடி கேட்டார். "கண்ணைத் திறக்க முடியாத அளவுக்குக் காத்து அடிச்சா நம்பிடுவா இல்ல? பக்கத்துல தண்ணி மெதுவாப் போறது தெரியக் கூடாதுன்னுதான் கறுப்புப் பலகை."

தம்பி கழற்றிய ஸ்க்ரூவைத் திரும்ப முடுக்கினான். அப்புறம், சாய்வு போதாது என்று தானே பலகையை இரண்டு விரல்கடை உள்ளே தள்ளிப் பொருத்தினான். சண்டை போட வந்தவன் சாயங்காலம்தான் வீட்டுக்குப் போனான்.

மறுநாள் காலை, எதிர்க்காற்று எழும்புகிற நேரம் பார்த்து அக்காவைத் தூக்கி வந்தார்கள். தூக்குவதற்கு அவளிடம் என்ன இருந்தது? தலையணைகளுக்கு நடுவே முட்டையை வைப்பதுபோல் வைத்து பெல்ட் போட்டார்கள்.

"என்னங்க இது, குதிரைக்குக் கண்ணை மறைச்ச மாதிரி?"

"காத்துத் தடுப்பு. வேகமாப் போறோம்ல, உனக்குக் குளிரும்" என்றார் அத்தான்.

தம்பி பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டான். படகு கிளம்பியது. கரையில் ஒருவர் நாயை நடத்திக்கொண்டு போனார். வெகுதூரம் வரைக்கும் படகுக்குச் சமமாகவே வந்தார்.

ஆனால் பலகைகளுக்கு நடுவே காற்று இரைந்தது. அக்காவின் தலைத்துணி படபடத்தது. கண்கள் தாமாக மூடிக்கொண்டன, ஓரத்தில் நீர் வழிந்து காதுப்பக்கம் ஓடியது. வாயைத் திறந்து காற்றைக் குடித்தாள்.

"இன்னும் கொஞ்சங்க" என்றாள்.

அத்தான் வேகக் கைப்பிடியை அசைப்பதுபோல் செய்தார். அசைக்கவில்லை.

இரண்டு நிமிஷம் போயிருக்கும். அக்கா தடவித் தடவி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போதுங்க, குறைங்க. எனக்கே பயமா இருக்கு."

அத்தான் திரும்பித் தம்பியைப் பார்த்தார். பல மாதத்துக்குப் பிறகு அந்த முகத்தில் சிரிப்பு வந்திருந்தது. கரை சேர்ந்ததும், சக்கர நாற்காலி எடுத்து வருகிறேன் என்று சின்னப் பையன்போல் ஓடினார்.

அவர் கண்ணுக்கு மறைந்ததும் அக்கா கண்ணைத் திறந்தாள்.

"இந்த இன்ஜின் பாதி திறந்தாலே அடிவயிறு அதிரும்டா. இன்னிக்கு அது தூங்கிக்கிட்டே வந்துச்சு."

அப்புறம் எதுக்குக்கா பயமா இருக்குன்னு சொன்னே என்று தம்பி கேட்டான்.

அக்கா அத்தான் போன திசையைப் பார்த்தாள்.

"நான் பயந்தாத்தானடா, அவர் என்னை வேகமாக் கூட்டிட்டுப் போன மாதிரி இருக்கும்."