கம்பளிச் சட்டை பார்த்த டவுன்

மாதியின் கம்பளிச் சட்டை சனிக்கிழமைதோறும் அவளோடு மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கிப் போகும். பாதி வழியில் வெக்கை தட்டியதும் மாதி அதைக் கழற்றிப் பைக்குள் திணித்துவிடுவாள். அதனால் அது ஒருநாளும் டவுனைப் பார்த்ததில்லை.

“டவுன் எப்படிக்கா இருக்கும்?” என்று பைக்குள் கிடக்கும் குடையிடம் கேட்கும்.

“மழை பெஞ்சாத்தானே என்னை வெளியே எடுப்பாங்க? நானும் பார்த்ததில்லை தம்பி.”

ஒரு சனிக்கிழமை மாதி அசந்து தூங்கிப்போனாள். பஸ் டவுனுக்குள் நுழைந்து ஒரு வளைவில் திரும்பியது. சட்டை ஆசையாசையாய் ஜன்னல் வழியே பார்த்தது. அதற்குள் மாதி வியர்த்து விழித்து, அவசரமாக அதைக் கழற்றிப் பைக்குள் போட்டாள்.

“பார்த்துட்டியா? சொல்லு, சொல்லு!” என்றது குடை.



“டவுனைப் பார்க்க மறந்துட்டேன்க்கா. தூரத்துல நம்ம மலை தெரிஞ்சுச்சு.”

“பச்சையாவா?”

“இல்லக்கா. நீலமா.”