சொந்தக் கால்

இங்கிலாந்தில் ஒரு பழைய செங்கல் வீடு இருந்தது. குடிவந்தவர்கள் எல்லாரும் அதில் கைவைத்தார்கள். ஒருவர் ஜன்னலை அடைத்தார். இன்னொருவர் அதையே உடைத்துக் கதவு வைத்தார். கடைசியாக வந்தவர்கள் கூடம் பெரிதாக வேண்டுமென்று குளிர்காயும் அடுப்பை அடியோடு பெயர்த்துவிட்டார்கள். அதன்மேல் நின்ற புகைபோக்கியை மட்டும் இரண்டு இரும்புச் சட்டம் கொடுத்துப் பக்கத்துச் சுவரின் தோளில் ஏற்றிவிட்டார்கள்.

புகைபோக்கிக்கு இது தெரியாது. அது கூரைக்கு மேலே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சுவருக்கோ முதுகு விட்டுப்போயிற்று.

"அக்கா, அவர்கிட்ட சொல்லித் தொலையேன்," என்றது புதிதாக வந்த கண்ணாடிக் கதவு.

"சொன்னா பயந்துடுவாரு. பயந்தா ஆடுவாரு. நேர் கீழே தொட்டில் இருக்கு, பார்த்தியா?"

அன்று பெருங்காற்று அடித்தது. சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரு விரிசல் ஓடியது. தொட்டிலில் குழந்தை வீரிட்டது. சுவர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது.

காற்று ஓய்ந்ததும் மேலிருந்து குரல் வந்தது. "ஏம்மா சுவரே, ஒரு காத்துக்கே இப்படி விட்டுக்கொடுத்துட்டியே! என்னைப் பாரு, முந்நூறு வருஷமா சொந்தக் கால்ல நிக்கிறேன்."

கண்ணாடிக் கதவு ஏதோ சொல்லத் திறந்தது. சுவர் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டது.

"ஆமாங்க," என்றது சுவர். "அப்படியே நில்லுங்க. குழந்தை இப்பத்தான் கண்ணசந்துச்சு."