கோணல் தோணி

கஜானியின் புருசன் தோணி கவிழ்ந்து செத்தவன். அது தெரிந்திருந்தும், அவளுக்கு முன்னால் உட்கார்ந்து நோபேட் தாளில் தோணிப் படம் கீறிக்கொண்டிருந்தார்.

தூரத்தில் நின்று பார்த்த றொசானிக்கு ஆத்திரமாய் வந்தது.

வாவிக்கரை மண்டபம் அது. வீட்டில் சாவு கண்ட ஆட்களைச் சனிக்கிழமைப் பின்னேரங்களில் கூட்டி வைத்து, றொசானி படம் கீறவிடுவாள். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் உளவியல் படித்தவள். களுவாஞ்சிக்குடியிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். பல ஊர்ச் சனமும் வரும். யாரையும் அவளுக்கு முன்பின் தெரியாது.

"யோசிக்க வேணாம். கை போற போக்கில கீறுங்க. வடிவா இரிக்கோணும் எண்டில்ல" என்பாள்.

ஒரேயொரு சட்டம்தான். அடுத்தவர் தாளைப் பார்க்கவும் கூடாது, தொடவும் கூடாது.

வாவி வெளிச்சம் ஜன்னலால் வந்து முகட்டில் மெல்ல ஆடும். அதன் கீழே சிலர் நீலத்தை மட்டும் பூசிக்கொண்டிருப்பார்கள். ஒருவர் வட்டம் வட்டமாய்ச் சுற்றிக்கொண்டேயிருப்பார். பின்னேரம் போவதே தெரியாது.

கஜானி மட்டும் கிரேயனைத் தொட்டதில்லை. தாய் கையைப் பிடித்துக் கூட்டிவந்து இருத்திவிட்டுப் போவாள். புருசன் வினோஜன் செத்த நாளிலிருந்து அவளிடம் பேச்சே இல்லை. மூன்று வயது மகள் "அம்மா" என்றாலும் சுவரைத்தான் பார்ப்பாள். பிள்ளையும் இப்போது கூப்பிடுவதைக் குறைத்துவிட்டது.

நோபேட்டும் மனைவியைப் பறிகொடுத்தவர்தான். ஆனால் சட்டம் ஒன்றும் அவருக்கில்லை. தன் தாளைத் தூக்கி எல்லாருக்கும் காட்டுவார்.

"பாருங்க, கொக்கு."

கொக்கு சட்டி மாதிரி இருக்கும். சனம் சிரிக்கும்.

இன்றைக்குத் தோணி.

"பாரு புள்ள. சரியா?"

கஜானி திரும்பவில்லை.

"ஓடுமா இது?"

கடைக்கண்ணால் பார்த்தாள். வாழைப்பழத்தில் குச்சி செருகினது போலிருந்தது.

"ஓடாது."

மண்டபத்தில் எல்லாருடைய கையும் நின்றது.

"ஏன் புள்ள ஓடாது?"

"எது முன்பக்கம், எது பின்பக்கம்? ரெண்டும் ஒருமாதிரிக் கிடக்கு. அணியம் ஏந்திக்கொண்டு நிக்கோணும்."

அவர் கையிலிருந்த கிரேயனைப் பறித்து முன்பக்கத்தை உயர்த்தினாள்.

"தோணில இரிக்கிற ஆள் சரிதானே?"

"இல்ல. குந்தவச்சிரிக்கிறீங்க. அவர் குந்த மாட்டார். நிண்டுதான் வலை வீசுவார்."

நிற்கிற ஒருவனைக் கீறினாள். தோளைக் கீறினாள். கையை உயர்த்திக் கீறினாள். பிறகு தாளின் மேலேயே முகத்தைப் புதைத்து விம்மி விம்மி அழுதாள்.

றொசானி ஓடி வந்தாள்.

"அங்கிள், உங்களுக்கு மனச்சாட்சி இரிக்கா? இந்தப் புள்ளைக்கு முன்னால கீற வேற ஒண்டும் கிடைக்கல்லையா?"

"பிழைதான் மிஸ்."

"இஞ்ச வாற ஆக்கள்ற கவலை உங்களுக்கு விளையாட்டு. இனி வர வேணாம்."

"ஓம்" என்றார் நோபேட். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை கஜானி தனியாகவே வந்தாள். நாலாபக்கமும் பார்த்தாள்.

"அந்த ஐயா எங்க மிஸ்?"

றொசானி திடுக்கிட்டாள். "அவர் வரமாட்டார். நீங்க இருந்து கீறுங்க."

"அவருக்கு ஒண்டும் கீறத் தெரியா மிஸ். ஆராவது சொல்லிக் குடுக்கோணுமே."

கஜானி உட்காரவில்லை. வாவியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மகளுக்கு அவட அப்பாட தோணியக் கீறிக் காட்டினன். அவர் வலை வீசுற கதையும் சொன்னன். விடிய எழும்பி, மறுகாவும் சொல்லச் சொல்லிக் கேட்டவள்."

 "இரிங்க வாறன்" என்று சொல்லிவிட்டு றொசானி வெளியே நடந்தாள்.

பதிவுக் கொப்பியில் இருந்த விலாசத்தைத் தேடிப் போனால், நோபேட்டின் வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டு றோஸ்மேரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"மாதா கோயில் கொடியேற்றம் வருதெல்லா மிஸ். கோயிலுக்குள்ள நிப்பார். வாங்க, காட்டுறன்."

கோயிலுக்குள் குளிர்ச்சியாய் இருந்தது. கண்ணாடி ஜன்னலின் சிவப்பும் நீலமும் நிலத்தில் சிந்திக் கிடந்தன. மாதா சுரூபத்துக்கு முன்னால் ஏணி. ஏணியில் நோபேட். மயிரிழை போன்ற தூரிகையால் மாதாவின் இமையோரம் கறுப்பு இழுத்துக்கொண்டிருந்தார். கை துளிகூட நடுங்கவில்லை. அவர் தூரிகையை எடுத்ததும், நித்திரையிலிருந்து இப்போதுதான் விழித்தவள் போல மாதா றொசானியைப் பார்த்தாள்.

"இந்தக் கரையில எல்லாக் கோயில் சுரூபத்துக்கும் முகம் எழுதினது இவர்தான்" என்று காதுக்குள் சொன்னாள் றோஸ்மேரி.

நோபேட் ஏணியால் இறங்கி வந்தார்.

"அங்கிள்... அப்ப அந்தக் கொக்கு? அந்தத் தோணி?"

அவர் தூரிகையைத் துணியில் துடைத்தார்.

"நல்லாக் கீறினா, சனம் பாத்துட்டுச் சும்மா இரிக்கும் மிஸ். பிழையாக் கீறினாத்தான் திருத்தச் சொல்லிக் கை துடிக்கும்."

"கஜானி உங்களத் தேடுறா. வாங்க அங்கிள்."

"வாறன். அந்தப் புள்ளைக்கு மட்டும் இதச் சொல்லிராதீங்க" என்றவர், கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்தார்.

"மாதாவுக்குக் கண்ணெழுத எனக்கு ஒரு பின்னேரம் காணும் மிஸ். அந்தத் தோணியக் கோணலாக் கீறப் பழகத்தான் ஒரு கிழமை போச்சு."