சாவி மாடியில், என்ஜின் கீழே

கோலா கெத்தில் டவுனில், ரஃபியின் சாப்பாட்டுக் கடையில், நான்காவது நாளாக அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் முனியாண்டி. முன்னால் ஆறிப்போன தே தாரிக் டீ. கண் மட்டும் சாலையின் எதிர்ப்பக்கத்தில்.

பத்து மணிக்கு அந்தக் கருநீலக் கார் வந்து நின்றது. குணசுந்தரி இறங்கினாள். எதிர்மாடியில் தையல் கடை வைத்திருப்பவள். சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று படியேறிவிட்டாள். கதவைப் பூட்டவில்லை. என்ஜினோ நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது.

சாவி மாடியில், என்ஜின் கீழே. முனியாண்டிக்கு உள்ளங்கை அரித்தது.

கார் திருட்டுக்காக இரண்டு தடவை உள்ளே போய் வந்தவர் அவர். இனி தொடமாட்டேன் என்று மனைவி தேவகியின் தலையில் அடித்துச் சத்தியம் செய்து எட்டு வருஷமாகிறது. அந்த எட்டு வருஷத்தில் எந்தக் காரும் அவரை இப்படிச் சோதித்ததில்லை.

முந்தின நாளே ஒர்க்‌ஷாப் அழகேசனிடம் அந்தக் காரைப் பற்றிப் பேச்சுக் கொடுத்துப் பார்த்திருந்தார்.

“அது ஒரு சின்னப் பெட்டிண்ணே. சாவி இல்லாமலே என்ஜின ஓட வைக்கும். திரும்பி வந்து ஏறும்போது காடி குளுகுளுன்னு இருக்கணுமாம் லா! நல்ல பெட்டின்னா வேற ஆளு பிரேக்க மிதிச்சதும் என்ஜின் செத்துரும். அந்தக்கா ஆன்லைன்ல வாங்கிப் போட்டது மட்டமான சரக்கு. யாரு ஏறுனாலும் ஓடும். ரோட்டுல புடிச்சா சம்மன் வேற. நாம சொன்னா யாரு காதுல வாங்குறா?”

முனியாண்டி ஒரு வார்த்தை விடாமல் காதில் வாங்கிக்கொண்டார்.

பத்தேகாலுக்குக் கருநீலக் கார் முனியாண்டியோடு பாலிங் சாலையில் பறந்துகொண்டிருந்தது. பத்தே முக்காலுக்குச் செம்பனைத் தோட்டத்துப் பழைய கொட்டகைக்கு வந்து சேர்ந்தது. திருட்டுக் கார் வாங்கும் புவனேசன் அங்கே காத்திருந்தான்.

“உள்ள விட்டு நிறுத்துங்கண்ணே.”

உள்ளே விட்டாயிற்று. நிறுத்தத்தான் முடியவில்லை. முனியாண்டி பட்டனை அழுத்தினார். குத்தினார். கடைசியில் கும்பிட்டும் பார்த்தார். சாவி பக்கத்தில் இல்லாமல் நிற்கமாட்டேன் என்று பிடிவாதமாக ஓடியது என்ஜின்.

கதவடைத்த கொட்டகைக்குள் கொஞ்ச நேரத்தில் புகை மண்டியது. இருவருக்கும் தலை சுற்றியது. உத்தரத்தில் உட்கார்ந்திருந்த கோழி ஒன்று தொப்பென்று கார் மேல் விழுந்தது. அதைப் பார்த்ததும் புவனேசனுக்கு உயிர்ப்பயம் வந்துவிட்டது. தவழ்ந்துபோய்க் கதவைத் திறந்தான்.

வெளியே, வேலைக்குப் போய்க்கொண்டிருந்த தோட்டத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள்.

“என்னங்க இது, காடி உள்ள ஓடிக்கிட்டே இருக்கு? யாரு காடி?”

இருமிக்கொண்டே முனியாண்டியைக் காருக்குள் தள்ளினான் புவனேசன். “நிறுத்த முடியாத காடிய நான் எங்கண்ணே ஒளிச்சு வைப்பேன்? எடுத்துக்கிட்டுப் போங்க லா!”

போகும் வழியில் பெட்ரோல் முள் சிவப்புக்கு இறங்கியது. எண்ணெய் ஊற்ற நிறுத்தினால், “என்ஜினை அணை, என்ஜினை அணை!” என்று தீயணைப்புக் குழாயைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார் நிலையத்துக்காரர். வழியில் விட்டுவிட்டு ஓடலாமென்றால், தோட்டமே முகத்தைப் பார்த்திருந்தது.

ஒரே ஒரு வழிதான் இருந்தது. குணசுந்தரி ஒரு மணிக்குத்தான் சாப்பிட இறங்குவாள். அதற்குள் இருந்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டுவிட்டால், எதுவுமே நடக்கவில்லை.

பன்னிரண்டே முக்காலுக்குக் கார் பழைய இடத்தில் நின்றது. ஸ்டியரிங்கைச் சட்டை முனையால் துடைத்தார். கோழி இறகை ஊதித் தள்ளினார். ரஃபி கடைக்குள் நுழைந்தார்.

அவருடைய நாற்காலியில் குணசுந்தரி உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

முனியாண்டி மெல்ல அருகே போனார். “தங்கச்சி... போலீஸ்ல ரிப்போட் பண்ணிட்டியா?”

“பண்ணிட்டேன். இன்சூரன்சுக்கும் போன் போட்டுட்டேன்.”

“மன்னிச்சிரும்மா. புத்தி கெட்டுப் போச்சு. அதான், ஒரு கீறல் இல்லாம கொண்டாந்து விட்டுட்டேனே!”

குணசுந்தரி சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“இந்த ஊர்லயே காடி திருடத் தெரிஞ்ச ஆளு நீங்க ஒருத்தர்தான்னு விசாரிச்சு, நாலு நாளா உங்க கண்ணு முன்னாலயே ஓடவிட்டு வச்சேனேண்ணே, எடுத்தவரு அப்படியே போய்த் தொலைஞ்சிருக்கக் கூடாதா?”